பழைய 800-க்கு மைலேஜ் வரவைத்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கரூர் 800:

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, நாலு கியர், ஏ.சி. கிடையாது. திண்டுக்கல்லில் மாமா வீட்டில் சும்மா நின்றதை வாங்கி வந்தபோது லிட்டருக்கு 11 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ. இவ்வளவு சின்ன வண்டி 11 கொடுத்தால் எங்கோ வீணாகிறது என்றுதான் அர்த்தம். இப்போது ஊருக்குள் 15, திருச்சி ரோட்டில் நிதானமாகப் போனால் 19 வரை வருகிறது. கேட்பவர்கள் எல்லோரும் "என்ன மாட்டினீங்க?" என்றே கேட்கிறார்கள். புதிதாக எதையும் மாட்டவில்லை. இதற்கு முன் பார்த்த பட்டறைகள் செய்து வைத்த வேலைகளைத் திருப்பிப் போட்டதுதான் பாதி.

அளக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தச் சொல்ல வேண்டும். "ரவுண்டா போட்டுடுங்க" என்று சொன்னால் கணக்கு போச்சு. டேங்க் பாதிக்கு மேல் காலியாகும் வரை ஓட்டி, அதே இடத்தில் மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

கையில் முதலில் சிக்கியது பிரேக். சமதளத்தில் நியூட்ரலில் விட்டுத் தள்ளினால் இந்த வண்டியை ஒரு ஆள் தள்ளிவிடலாம். எனக்கு இரண்டு பேர் தேவைப்பட்டது. ஜாக்கி போட்டு வலது முன்சக்கரத்தைக் கையால் சுற்றினால் சர்ரென்று உரசி, கால் சுற்றிலேயே நின்றது. பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரைக் கழட்டினோம். அது நகர்வதற்கு இருக்கும் பின் இரண்டும் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்திருந்தன. பிஸ்டன் மேல் இருக்கும் ரப்பர் கிழிந்து உள்ளே மண். காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடவில்லை. பின்னை எம்ரி பேப்பரால் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் வைத்து, ரப்பர் கிட் மாற்றியதும் ஒரு தட்டுக்கு ஒன்றரைச் சுற்று தாராளமாக ஓடியது. முன்சக்கரம் கியர்பாக்ஸில் ஒரு பகுதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வண்டியில் சந்தேகம் இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டு போய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள்.

அப்புறம் தெர்மோஸ்டாட். டெம்பரேச்சர் முள் எப்போதும் அடியிலேயே கிடந்தது. "நல்லா கூலா ஓடுது பாரு" என்று மாமாவுக்குப் பெருமை. ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டை. எப்போதோ வண்டி சூடானபோது யாரோ பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். கூடவே ரேடியேட்டர் ஃபேனுக்கும் டைரக்டாக ஒயர் கொடுத்து, சாவி போட்டதும் சுற்றும்படி விட்டிருந்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று இன்றும் பல பட்டறைகளில் கேட்கிறார்கள். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜினில் தண்ணீர் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போகும் வரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. கரூர் வெயில் 40 டிகிரி என்றாலும் அந்த அளவுக்கு அது பாதிதான். சூடேறாத இன்ஜினில் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகாது, ஆயில் கெட்டியாக இருக்கும், ஓட்டுபவரும் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை உள்ளே தள்ள மனமில்லாமல் போய்க்கொண்டிருப்பார்.

புதியதை மாட்டுவதற்கு முன் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் போட்டுப் பார்த்தேன். அடியில் குமிழ் கட்டிக் கொதி வருவதற்கு முன்பே நடுத்தட்டு மெல்ல எழும்பித் திறந்தது. இடுக்கியால் வெளியே எடுத்து வைத்ததும் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குள் வரக் கூடாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது, அது வேறு. ஃபேனுக்கு உரிய சுவிட்சையும் மாற்றினேன். மார்க்கெட், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட் என்று சின்னச் சின்ன தூரம் ஓட்டுபவர்களுக்குப் பெரிய லாபம் இதில்தான்.

கார்புரேட்டரைத் திறந்த வயதான மெக்கானிக், பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டையுள்ள மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து "இது வட்டமாவா தெரியுது உங்களுக்கு?" என்றார். அடைப்பு எடுக்கிறேன் என்று கம்பியை விட்டுக் குத்திக் குத்தியே பித்தளை ஓட்டை நீண்டுபோயிருந்தது. பிளக் மூன்றும் கரி அப்பியிருந்ததற்குக் காரணம் அதுதான். புது ஜெட் போட்டு, சோக் கேபிள் முழுதாகத் திரும்பாமல் நின்றதையும் சரிசெய்தோம். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது போகும் கலவையைச் சரிசெய்யும் ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை, சத்தத்தைக் காதால் கேட்டு வைக்காமல், புகைச் சான்று எடுக்கும் இடத்தில் வைத்தோம். இந்த வயது பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம் வரை அனுமதி உண்டு. முதலில் அதற்கும் மேலே காட்டியது. ஸ்க்ரூவைத் திருகத் திருகத் திரையில் எண் இறங்கி 1-க்குப் பக்கத்தில் நின்றது. அந்தக் கடைக்காரர் பொறுமையாக இருந்தால் இதைவிட மலிவான டியூனிங் கருவி கிடையாது.

பாயிண்ட் கேப், டைமிங், டேப்பட், வீல் அலைன்மென்ட், காற்று இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூரை மேல் இருந்த கேரியரைக் கழட்டி வைத்துவிட்டேன்.

பாளையங்கோட்டை:

அண்ணே, காற்றோடு டயர் சைஸையும் பாருங்கள். 800-ன் டயர் 145/70 ஆர்12. என் தம்பி தன் வண்டிக்கு ஆல்ட்டோவுக்கு வரும் 145/80 ஆர்12 போட்டான். அதன் பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று கார்புரேட்டரைத் தொடாத மெக்கானிக் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய டயரின் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர், புதியது 537. டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. நிஜமாக 100 கிலோமீட்டர் போனால் மீட்டரில் 95 கூட வராது. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, மீட்டர்தான் குறைத்துச் சொன்னது. நாலு கியர் வண்டிக்கு அந்த டயர் நெடுஞ்சாலையில் கொஞ்சம் நல்லதும்கூட, இன்ஜின் சுற்று குறையும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உள்ளே உரசுகிறது என்பதால் கடைசியில் பழைய சைஸுக்கே திரும்பிவிட்டான்.

கோவை எல்பிஜி:

நான் கேஸுக்கு மாற்றியவன். லிட்டர் கணக்கில் பார்த்தால் மைலேஜ் ஏறவே ஏறாது, இறங்கும். ஒரு லிட்டர் எல்பிஜியில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. விலை குறைவு என்பதால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவுதான் மிச்சம். அனுமதி பெற்ற கிட் போட்டு ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றி எழுத வேண்டும்; அதைச் செய்யாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். 800-ன் டிக்கி ஏற்கெனவே ஒரு பை வைக்கும் அளவுதான். சிலிண்டர் வந்ததும் அதுவும் போய்விட்டது. ஊருக்குப் போகும்போது மாமியார் கொடுக்கும் தேங்காய் மூட்டை இப்போது பின்சீட்டில் பிள்ளைகளோடு வருகிறது.

நாமக்கல்:

மைலேஜுக்காக இறக்கத்தில் நியூட்ரல் போடும் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. நண்பர் ஒருவர் தன் 800-ஐ நியூட்ரலில் இறக்கிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில். பாதி வளைவு தாண்டுவதற்குள் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை, அடுத்த வளைவில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியரைத் திணித்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினோம். மிச்சமான பெட்ரோல் ஒரு டீ காசுக்குக்கூட வராது. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியாக இருந்தால் அதுவும் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலுக்கு மறுபடி குடிக்கும்.

தாம்பரம்:

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்தை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். என் மைத்துனர் வாங்கிக் கட்டினார், டேங்க் டு டேங்க் அளந்ததில் ஒரு மாற்றமும் இல்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட கருவிகளை நூற்றுக்கும் மேல் சோதித்துவிட்டது. சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் பிடித்தது எதுவும் இல்லை. 1996-ல் மூலிகை பெட்ரோலுக்கு மயங்கிய ஊர் நம்முடையது, காந்தத்துக்கு மயங்குவதில் ஆச்சரியமில்லை.

கரூர் அண்ணனிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொல்லும் 19 இப்போதைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலிலா? 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையிலேயே பழைய வகை நாலு சக்கர வண்டிகளுக்கு 6, 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று இருக்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு என்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவை தானாகவே லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும். என் 800-ல் ஸ்க்ரூவை ரொம்பக் குறைத்து வைத்ததில் பிக்கப் எடுக்கும்போது திக்கியது. வண்டியின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, டயாஃப்ரமும் ஊறி வீங்கிவிட்டது.

கரூர் 800:

ஆமாம், இ20-யில்தான். திக்குவது எனக்கும் வந்தது. அதனால்தான் கார்பன் மோனாக்ஸைடை 1-க்குக் கீழே இறக்காமல் நிறுத்தினேன். புது மெயின் ஜெட் வாங்கும்போது பழைய ஜெட்டின் அதே நம்பரையே கேட்டு வாங்கினேன், சின்னது போட்டால் இன்னும் மைலேஜ் வரும் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்கவில்லை. லீனாக ஓடினால் வால்வு சூடாகும், அந்தச் செலவுக்கு முன்னால் பெட்ரோல் செலவு ஒன்றுமில்லை. டயாஃப்ரம் இன்னும் தாங்குகிறது. பெட்ரோல் ஹோஸ்களைத்தான் மொத்தமாக மாற்றினேன், இரண்டு இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வெடிப்பு தெரிந்தது. ஓட்டையாகிச் சொட்டியிருந்தால் மைலேஜைவிடப் பெரிய பிரச்சினை. உங்கள் பம்ப் டயாஃப்ரத்துக்கு கிட் கிடைத்ததா, இல்லை பம்பையே மாற்றினீர்களா? இங்கே கேட்ட கடைகளில் முழு பம்ப்தான் இருக்கிறது என்கிறார்கள்.