1991 டிரான்ஸ்ஃபார்மர், அசிட்டிலீன் ஏறுது: ஆன்லைன் கேஸ் மானிட்டர் வாங்கலாமா?

உடுமலை_எலக்ட்ரிகல்:
வணக்கம். உடுமலை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் யார்டில் 10 எம்.வி.ஏ., 110/11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர் 1991-லிருந்து ஓடுகிறது. ஒன்றே ஒன்று, ஸ்டாண்ட்பை கிடையாது. போன மாதம் ஆயில் டி.ஜி.ஏ. (ஆயிலில் கரைந்திருக்கும் வாயுக்களை அளக்கும் சோதனை) ரிப்போர்ட் வந்தது: ஹைட்ரஜன் 8 பி.பி.எம்., மீத்தேன் 12, ஈத்தேன் 6, எத்திலீன் 19, அசிட்டிலீன் 26. போன வருஷம் அசிட்டிலீன் 3தான் இருந்தது. "உள்ளே ஆர்க்கிங் (மின்பொறி) இருக்கலாம், உடனே கவனிக்கவும்" என்று லேப் ஒரு வரியோடு முடித்துக்கொண்டது.

இதற்குள் ஒரு கம்பெனிக்காரர் வந்து, டேங்கிலேயே மாட்டுகிற மல்டி கேஸ் மானிட்டர், ஏ.ஐ. கணிப்பு, மொபைலில் அலர்ட் என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். புது டிரான்ஸ்ஃபார்மர் விலையைக் கேட்ட முதலாளி, "அதுக்கு இது தேவலை, வாங்கிப் போடு" என்கிறார். வாங்கலாமா? அதுவரை ஓட்டலாமா?

கிரிட்_பையன்:
கண்ண மூடிட்டு வாங்குங்க ப்ரோ. வருஷத்துக்கு ஒரு தடவை சாம்பிள் எடுக்கிறதெல்லாம் அந்தக் காலம். ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல வளர்ற பழுது எப்படித் தெரியும்? உங்க நம்பரை டூவால் முக்கோணத்துல (வாயு விகிதத்தை வச்சுப் பழுதோட வகையைச் சொல்ற வரைபடம்) போட்டுப் பார்த்தேன், நேரா டி2-ல விழுது. அதிக ஆற்றல் டிஸ்சார்ஜ். நானா இருந்தா இன்னைக்கே ஆஃப் பண்ணிடுவேன்.

ரிட்டயர்டு_எம்.ஆர்.டி:
தம்பி, ஆஃப் பண்றதுக்கு முன்னாடி அந்த ரிப்போர்ட்டை இன்னொரு வாட்டி பாருங்க. மிஷேல் டூவால் கனடாவுல அந்த முக்கோணத்தைப் போட்டது 1970-கள்ல. நல்ல கருவி, நானும் வருஷக்கணக்கா அதை வச்சுத்தான் பார்த்தேன். ஆனா அதுல மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூணுதான் வரும். ஹைட்ரஜனைக் கேட்கவே கேட்காது. உங்க விஷயம் முழுக்க ஹைட்ரஜன்லதான் இருக்கு.

மெயின் டேங்குல நிஜமா ஆர்க் அடிச்சா ஹைட்ரஜன்தான் முதல்ல எகிறும். உங்களுக்கு அது 8, அசிட்டிலீன் 26. மூணு மடங்குக்கு மேல. இந்த விகிதம் 2, 3-ஐத் தாண்டினா ஓ.எல்.டி.சி. (லோடுல ஓடும்போதே வோல்டேஜ் டேப்பை மாத்துற கருவி) ஆயில் மெயின் டேங்குக்குள்ள கசியுதான்னு சந்தேகப்படணும்னு ஐ.இ.சி. 60599 சர்வதேசத் தரநிலையிலயே இருக்கு. டேப் மாறும்போதெல்லாம் அதுல இருக்கிற டைவர்ட்டர் ஸ்விட்ச் ஆயிலுக்குள்ள ஸ்பார்க் அடிக்கத்தான் செய்யும், அது அதோட வேலை. அங்க உண்டாகிற ஹைட்ரஜன் பிரீதர் (காத்து போய்வர்ற வழி) வழியா வெளியே போயிடும். அசிட்டிலீன் ஆயில்ல நல்லா கரையும், தங்கிடும். அந்த ஆயில் மெயின் பக்கம் வந்தா அசல் ஆர்க்கிங் மாதிரியே வேஷம் போடும்.

இதை நம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க: சாம்பிள் எதுல எடுத்தீங்க? மினரல் வாட்டர் பாட்டில்ல பிடிச்சு பஸ்ல அனுப்பியிருந்தா முதல்ல ஓடிப்போறதே ஹைட்ரஜன்தான். அப்ப அந்த 8-க்கு அர்த்தமே இல்லை. கண்ணாடி சிரிஞ்ச், மூணு வழி வால்வு, வால்வுல தேங்கின ஆயிலை முதல்ல ஒரு பக்கெட்டுல வடிச்சுட்டு, குமிழி இல்லாம எடுத்து, வெயில் படாம மூடி அனுப்பணும். கூடவே ஓ.எல்.டி.சி. அறையிலயும் ஒரு சாம்பிள் எடுங்க.

எடுத்துப் பார்க்கிற வரைக்கும் புக்கோல்ஸ் ரிலேயில (டேங்குல இருந்து மேல வர்ற கேஸைப் பிடிக்கிற பாதுகாப்புக் கருவி) கேஸ் சேருதான்னு ஷிஃப்ட்டுக்கு ஒரு தடவை ஆபரேட்டர் பார்க்கட்டும். கேஸ் சேர்ந்து அலாரம் வந்தா பேச்சே இல்லை, நிறுத்திடுங்க.

யார்டு_கேமரா:
தெர்மல் கேமரா வாடகைக்கு எடுத்தும் ஒரு ரவுண்டு வந்துடுங்க. மில் முழு லோடுல இருக்கும்போது, பொழுது சாஞ்ச அப்புறம். லீவு நாள்ல லோடே இல்லாம எடுத்துட்டு "எல்லாம் நார்மல்"னு ரிப்போர்ட் போடறவங்க நிறைய பேர். டிகிரியைப் பார்க்காதீங்க, மூணு பேஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. பளபளன்னு இருக்கிற அலுமினியம் கிளாம்ப் கேமராவை ஏமாத்தும், நிஜ சூட்டைவிடக் குறைச்சுக் காட்டும்.

உடுமலை_எலக்ட்ரிகல்:
ஐயா, முதல் சாம்பிள் பிளாஸ்டிக் கேனில்தான் போயிருக்கிறது. இந்தத் தடவை லேப் ஆளையே வரவழைத்து சிரிஞ்சில் எடுத்தோம். ஹைட்ரஜன் 10, அசிட்டிலீன் 27. ஓ.எல்.டி.சி. ஆயிலில் அசிட்டிலீன் ஆயிரக்கணக்கில். புக்கோல்ஸில் கேஸ் இல்லை. தெர்மல் கேமராவில் 11 கே.வி. பக்கம் ஒய் பேஸ் ஜம்பர் (இணைப்புக் கம்பி) மட்டும் மற்ற இரண்டையும்விடச் சூடு, அதை எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி இறுக்க வேண்டும். அப்போ மானிட்டர் வேண்டாமா?

ரிட்டயர்டு_எம்.ஆர்.டி:
வேண்டாம்னு சொல்ல மாட்டேன், இப்ப வேண்டாம். கசிவோட மாட்டினா அது தினம் தினம் அசிட்டிலீன் அலாரம் அடிக்கும். ரெண்டாவது வாரம் யாராவது அலாரத்தை மியூட் பண்ணிடுவாங்க. அப்புறம் அது சுவத்துல மாட்டின காலண்டர்தான். உங்க டேங்குல இருக்கிற ஓட்டை அந்த ஏ.ஐ.-க்குத் தெரியாது தம்பி.

பொங்கல் லீவுல ஷட்டவுன் கேளுங்க. டைவர்ட்டரைச் செயின் பிளாக் வச்சு வெளியே தூக்கி, அறையை உலர்ந்த துணியால துடைச்சு, மெயின் கன்சர்வேட்டர்ல (மேல இருக்கிற ஆயில் தொட்டி) ஆயில் நிறைய இருக்க, சில மணி நேரம் டார்ச் அடிச்சுப் பாருங்க. அடி கேஸ்கட்லயோ டெர்மினல் போல்ட்லயோ வியர்க்கும். சீல் மாத்துங்க. அதுக்கப்புறம் மெயின் ஆயிலை ஃபில்டர் மெஷின்ல வேக்குவம்ல ஓட்டிப் பழைய கேஸை வெளியேத்துங்க. ஃபில்டர் பண்றதுக்கு முன்னாடியே ஃபியூரான் டெஸ்டுக்கு ஒரு சாம்பிள் எடுத்து வச்சிடணும். பேப்பர் இன்சுலேஷனுக்கு எவ்வளவு வயசாச்சுன்னு சொல்றது அதுதான், ஃபில்டர் பண்ணினா அந்த அளவும் இறங்கிடும். வெளி பெயின்டைப் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் வயசை முடிவு பண்றவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்.

அதே ஷட்டவுன்ல 110 கே.வி. புஷ்ஷிங் (கம்பி டேங்குக்குள்ள நுழையற இடத்து இன்சுலேட்டர்) மூணுக்கும் டான் டெல்டா (இன்சுலேஷன் எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற சோதனை), கெப்பாசிட்டன்ஸ் எடுத்து, பழைய ரீடிங்கோட ஒப்பிடுங்க. காசு மிச்சமிருந்தா அதை இங்க போடுங்கன்னுதான் நான் சொல்வேன். கேஸ் வளர்ற பழுது பெரும்பாலும் அவகாசம் கொடுக்கும். புஷ்ஷிங் கொடுக்காது. வெடிச்சா தீதான். 2025 மார்ச் 20 ராத்திரி லண்டன் நார்த் ஹைட் சப்ஸ்டேஷன்ல ஒரு புஷ்ஷிங் போய் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சது. மறுநாள் ஹீத்ரோ ஏர்போர்ட்டையே மூடினாங்க. உள்ளே ஈரம் இறங்கினதுதான் பெரும்பாலும் காரணம்னு விசாரணையில சொன்னாங்க. அந்த டிரான்ஸ்ஃபார்மரோட புஷ்ஷிங் ஆயில்ல ஈரம் அதிகம்னு 2018 ஜூலையிலேயே சாம்பிள் காட்டியிருக்கு. டெஸ்ட் தன் வேலையைச் செஞ்சிருக்கு, ரிப்போர்ட் மேல நடவடிக்கைதான் இல்லை.

அதனால கொட்டேஷன் கொடுத்தவர்கிட்ட ஏ.ஐ.-யைப் பத்திக் கேட்க வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்தா யார் போனுக்கு வரும், அந்த ஆளுக்கு லோடைக் குறைக்க அதிகாரம் இருக்கா? இதை உங்க முதலாளிகிட்ட எழுதி வாங்குங்க. சீல் மாத்தி, மூணு மாசம் கழிச்சு எடுத்த சாம்பிள்ல அசிட்டிலீன் ஏறாம நின்னா, அப்ப மானிட்டர் மாட்டுங்க. அந்த ரீடிங்கை நம்பலாம்.

கிரிட்_பையன்:
ஹைட்ரஜன் விகிதம் எனக்குப் புதுசு சார். ஆனா ஓ.எல்.டி.சி. சீல் திடீர்னு ஏன் போகணும்?

ரிட்டயர்டு_எம்.ஆர்.டி:
முப்பது வருஷத்து ரப்பர், திடீர்னு எங்க? அதோட அந்தப் பக்கம் காத்து சீசன்ல காத்தாலை மின்சாரத்தால வோல்டேஜ் ஏறி இறங்கும், டேப் சும்மா ஓடிக்கிட்டே இருக்கும். உடுமலை தம்பி, டிரைவ் மெக்கானிசம் பெட்டியைத் திறந்து, டேப் எத்தனை தடவை மாறிச்சுன்னு காட்டுற கவுன்டர் ரீடிங்கையும் கடைசியா ஓவர்ஹால் பண்ணப்போ இருந்த ரீடிங்கையும் இங்க போடுங்க. மேனுவல்ல சொன்ன எண்ணிக்கையைத் தாண்டியிருந்தா சீலோட கான்டாக்ட் செட்டும் சேர்த்து ஆர்டர் பண்ணணும், பழைய மாடலுக்கு அது வர்றதுக்கே மாசக்கணக்கு ஆகும்.