பயிற்சி பெற்றவர்கள் ஊரில் தங்கினார்களா என்ற கேள்வி: தீர்மானத்தின் கடைசி வரி குறித்து

மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் இளைஞர்களுக்குத் தொழில்முனைவோர் பயிற்சி நடத்த நிதி ஒதுக்கும் தீர்மானத்தைச் சிங்கப்பூர் உறுப்பினர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். அதை மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அதன் கடைசி வரியில், பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் வெளிநாடு போகாமல் ஊரிலேயே தங்கினார்கள் என்பதை வைத்தே திட்டத்தின் வெற்றி கணக்கிடப்படும் என்று இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

அம்பத்தூரில் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறிய லேத் பட்டறை நடத்தி வருகிறேன். மெடிக்கலுக்கும் விசா வேலைக்கும் சென்னை வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் என் வீட்டில்தான் இரண்டொரு நாள் தங்கிப் போகிறார்கள். அவர்கள் எந்த நேரத்தில், எதைக் கணக்குப் பார்த்து, போவது என்று முடிவெடுக்கிறார்கள் என்பதைச் சாப்பாட்டு வேளையில் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன்.

கீழத்தெருவைச் சேர்ந்த, எனக்கு மருமகன் முறையாகும் ஒரு பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். படித்த இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்க உதவுவதற்காக 2012-இல் தமிழக அரசு தொடங்கிய நீட்ஸ் திட்டத்தில் விண்ணப்பித்துப் பயிற்சியும் முடித்தான். ஹாலோ பிளாக் அறுக்கும் பட்டறை வைக்க 12 லட்ச ரூபாய்க்குத் திட்ட அறிக்கை தயாரித்தான். அத்திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. பொதுப் பிரிவினர் 10 சதவீதமும் சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் சொந்தப் பங்காகப் போட வேண்டும். மீதிக்கு வங்கிக் கடன். அவன் சிறப்புப் பிரிவு என்பதால் அவன் பங்குக்கு 60,000 ரூபாய் போதும். பயிற்சிக்குப் போவதற்கு முன் வெளிநாடு பற்றி அவன் பேசியதே இல்லை. பயிற்சி முடித்து வந்த அன்று இரவு, "மாமா, மெஷினுக்குக் கடன் கிடைத்துவிடும், ஆனால் சிமென்ட் வாங்கவும், கடனுக்குக் கல் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கவும் கையில் ரொக்கம் இருக்க வேண்டும், அதைச் சிங்கப்பூரில் இரண்டு வருடம் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன்" என்று சொன்னான். நடைமுறை மூலதனம் என்றால் என்ன என்று அவனுக்கு யாரோ நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியால் அவனுடைய போகும் எண்ணம் கூடிவிட்டது. கூடவே, எதற்காகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதும் அவனுக்குத் தெளிவாகிவிட்டது. நம் தீர்மானத்தின்படி அவன் தோல்விக் கணக்கில் வருவான். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 60,000 ரூபாய்க்காக நகையை அடகு வைக்கத் தயங்கிய அதே வீடு, ஏஜென்டுக்குக் கொடுக்க இரண்டு லட்சத்துக்கு மேல் நகையை வைத்தது. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்று விதி இருப்பதை நான் சொல்லியும் எடுபடவில்லை. அவன் தாயாரை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் என்பது அவருக்குப் புரிகிற கணக்கு. ஊரில் பட்டறை வைத்து நஷ்டப்பட்டால் கடைத்தெரு முழுவதும் தெரிந்துவிடும், அக்கரையில் பட்ட கஷ்டம் வீட்டு வாசலுக்கு வராது. பெண் கொடுக்கிறவர்களும் "பையன் எங்கே இருக்கிறான்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. நம் ஊரிலும் வீட்டுக்கு ஒருவராவது போயிருப்பதால், அது அண்ணனும் சித்தப்பாவும் நடந்து காட்டிய பாதையாகிவிட்டது. தொழில் தொடங்கும் பாதையில் அப்படி முன்னே நடந்து போனவர்கள் மிகக் குறைவு. பயிற்சி வகுப்பால் மட்டும் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துவிட முடியாது.

உலக அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1964-இல், இங்கிருந்து ஓரிரவு ரயில் பயணத்தில் இருக்கும் ஆந்திராவின் காக்கிநாடா ஊர்ச் சிறு வணிகர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி அளித்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் பிறகு தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் நடத்துவோரிடம் செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், தானே முன்வந்து செயல்படும் மனப்பாங்கை வளர்க்கும் பயிற்சி லாபத்தை 30 சதவீதம் கூட்டியது. கணக்கு வழக்கை மட்டும் கற்பித்த வழக்கமான பயிற்சியில் குறிப்பிடத்தக்க பலன் உறுதிப்படவில்லை. ஆகவே நல்ல பயிற்சி பிள்ளைகளுக்குத் தருவது துணிவைத்தான். துணிவு வந்த பிள்ளை அதை ஹாலோ பிளாக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டான், பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்தே பயன்படுத்துவான். ஏழை நாடுகளில் வருமானம் உயரத் தொடங்கும் காலத்தில் வெளியேறுவோர் எண்ணிக்கை முதலில் கூடும், நாடு ஓரளவு வளம் பெற்ற பிறகே குறையும் என்று மைக்கேல் கிளெமன்ஸ் போன்ற பொருளியலாளர்கள் காட்டியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது. கையில் காசும் தெம்பும் இல்லாதவனால் போகவே முடியாது அல்லவா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இளைஞர் தொழில் பயிற்சித் திட்டம் நடந்தது. "இங்கேயே முன்னேறு" என்ற பொருள்படும் வோலோஃப் மொழித் தொடரே அதன் முழக்கம். பணம் கொடுத்தவர்களுக்கு ஐரோப்பாவுக்குப் படகேறுவோர் குறைய வேண்டும் என்ற எண்ணம், வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கோ குடும்பத்துக்கு வருமானம் வேண்டும் என்ற எண்ணம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நாம், "நாங்கள் போனோம், நீங்கள் போகாதீர்கள்" என்று சொல்வது போன்ற ஒரு நிபந்தனையைப் பிள்ளைகள் முன் வைக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

பெண் பிள்ளைகளை அந்த வரி முற்றிலும் மறந்துவிட்டது. வங்கியின் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் உணவு, தங்குமிடத்துடன் இலவசமாகத் தையல் கற்ற நம் ஊர்ப் பெண் ஒருத்தி திருமணமாகிப் பெரம்பூருக்கு வந்து, இரண்டு மெஷின் போட்டு ரவிக்கை தைத்துச் சொந்தமாகச் சம்பாதிக்கிறாள். அவளும் "ஊரில் தங்காதவள்" ஆகிவிடுவாளா?

நம் பணம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்று கேட்டால், பயிற்சி முடிந்த நாளுக்கும் கடன் கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் என்பேன். மேற்சொன்ன பையனின் விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தின் நேர்காணலைத் தாண்டிய பிறகு ஒரு வங்கிக் கிளையில் ஏழு மாதம் கிடந்தது. மேலாளர் மாறினார், மெஷினுக்கான கொட்டேஷன் காலாவதியாகிவிட்டது என்று புதிதாகக் கேட்டார்கள், அதற்குள் விலை ஏறி அறிக்கையையே திருத்த வேண்டியதாயிற்று. வகுப்பில் பற்றிய நெருப்பு ஏழு மாதம் அணையாமல் இருக்க வேண்டும் என்று இருபத்துமூன்று வயதுப் பையனிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஏஜென்டோ ஆறு வாரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார். உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்குத் தொழில் கற்கவும் கருவி வாங்கவும் தலைக்குச் சுமார் 382 டாலர் முன்கூட்டியே கையில் கொடுத்தபோது, நான்கு ஆண்டுகள் கழித்து அவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒன்பதாம் ஆண்டுக்குள் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் ஓர் இளைஞனின் வாழ்வில் அந்த முதல் சில ஆண்டுகள் சிறியவை அல்ல.

ஆகவே, அரசும் வங்கிகளும் இலவசமாகவே நடத்தும் பயிற்சியை நாம் மறுபடி நடத்துவதைவிட, சொந்தப் பங்குக்கு வட்டியில்லாக் கடனும், அந்த இடைப்பட்ட மாதங்களுக்கு ஒரு சிறு உதவித்தொகையும் கொடுப்பது நல்லது. முதல் ஆர்டர் கிடைக்கவும் நாம் வழி செய்யலாம். ஊரில் இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் கல்லை எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். லேத் வேலை கற்றவர்களுக்கு என் பட்டறையிலிருந்து மாதந்தோறும் ஜாப் ஒர்க் அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

அந்தக் கடைசி வரிக்குப் பதிலாக, பயிற்சிக்கு முன்பும், முடிந்து ஆறு மாதம் கழித்தும், பிறகு ஓராண்டு கழித்தும் ஒவ்வொருவரிடமும் சில கேள்விகள் கேட்கப்படும் என்று எழுதலாம். "போக ஆசையா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா, ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா, எதற்காக, எத்தனை வருடத்துக்கு, கடன் விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க வேண்டும். இந்தத் திருத்தத்தை அடுத்த கூட்டத்தில் முன்மொழிகிறேன். வழிமொழிய விருப்பமுள்ளவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதினால் போதும்.

அன்புடன்,
பொருளாளர், சென்னைக் கிளை