புதுப்பிப்பு: ஜாமீனுக்கான 60 நாள் கணக்கு

போலீஸ் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கேட்கும் ஜாமீன் பற்றிய முந்தைய பதிவில், நாள் கணக்கு கைதிலிருந்து என்று எழுதியிருந்தேன். தவறு. மாஜிஸ்திரேட் முதலில் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளிலிருந்துதான். அந்த நாளும் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்ச் 1 ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாம் நாள். ஏப்ரல் 30 காலை, கோர்ட் திறந்ததும் மனு போட வேண்டும்.

மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 187(3)). உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) போன்ற சட்டங்களில் கணக்கே வேறு.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கெடு முடிந்தும் மனு போடாமல் இருந்து, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டால் இந்த உரிமை போச்சு. ஜாமீன் மனு தாக்கலான நேரத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். ஜாமீன்தாரரை முன்கூட்டியே தயாராக வையுங்கள்.