முகப்புல தூண், வளைவு வர்ற இடத்துல புரொஜக்ஷன் விலகுது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, ஒரு பழைய கட்டட முகப்புக்கு புரொஜக்ஷன் மேப்பிங் (கட்டடத்தோட வடிவத்துக்குப் பொருந்துற மாதிரி புரொஜக்டர்ல படம் காட்டறது) பண்றேன், போட்டோகிராமெட்ரில (பல கோணத்துல எடுத்த போட்டோக்களை வெச்சு) 3டி மாடல் எடுத்து பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல அனிமேஷன் செஞ்சு மேட்மேப்பர்ங்கிற மேப்பிங் சாஃப்ட்வேர்ல வார்ப் பண்றேன் (படத்தை இழுத்து வளைச்சு சுவர்ல பொருத்தறேன்), தட்டையான சுவர்ல ஜன்னல் விளிம்பு வரைக்கும் கச்சிதமா உட்காருது ஆனா முன்னாடி தள்ளி நிக்கிற தூண்லயும் வளைவுலயும் கோடு விலகிடுது. மெஷ்ல (வார்ப் பண்ற வலைக்கட்டத்துல) பாயிண்ட் கூட்டினா இந்தப் பக்கம் சரியாகி அந்தப் பக்கம் நெளியுது.

இவ்ளோ ஆழம் இருக்கிற முகப்புக்கு 2டி வார்ப் பத்தாதுன்னு தோணுது. புரொஜக்டர் நிக்கிற இடத்துலயே அதே த்ரோ ரேஷியோ (திரை தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம்), லென்ஸ் ஷிஃப்டோட (புரொஜக்டரை அசைக்காம லென்ஸால படத்தை நகர்த்தற அளவு) விர்ச்சுவல் கேமரா வெச்சு ரெண்டர் எடுக்கணுமா, இல்ல டச்டிசைனர்ங்கிற விஷுவல் சாஃப்ட்வேர்ல மாடலோட மூலைகளை சுவர்ல பொருத்தி 3டி கேலிப்ரேஷன் பண்றது நல்லதா?

அப்புறம் ரெண்டு புரொஜக்டர் ஓவர்லாப் ஆகற இடத்துல, இருட்டு சீன்ல மட்டும் சாம்பல் பட்டை தெரியுது, எட்ஜ் பிளெண்டிங்ல (ரெண்டு படமும் சேர்ற ஓரத்துல வெளிச்சத்தைக் குறைச்சு கலக்கறதுல) போகல. பெரிய முகப்புல வேலை செஞ்சவங்க ப்ளீஸ் சொல்லுங்க.