மகனின் இதயத்தில் ஓட்டை மூடிவிட்டது, காப்புறுதியில் மூடவில்லை

ஈசூன் மீனா:
என் மகனுக்கு நாலு வயது. பிறந்தபோது இதயத்தில் சின்ன ஓட்டை இருந்தது. அறுவை சிகிச்சை எதுவும் இல்லாமல் இரண்டு வயதில் தானாகவே மூடிக்கொண்டது. இந்த வகை ஓட்டை பெரும்பாலும் அப்படித்தான் மூடும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். போன மாதம் அவனுக்குத் தனியார் நிறுவனங்கள் விற்கும் மருத்துவமனைக் காப்புறுதியான ஷீல்டு திட்டம் எடுக்கப் போனோம். ஒரு நிறுவனம் முடியாது என்றது. இன்னொன்று சேர்த்துக்கொள்கிறது, ஆனால் இதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் கிடையாது என்று விலக்குக் கடிதம் வைத்திருக்கிறது. இல்லாத ஓட்டைக்கு ஆயுள் தண்டனையா? அமெரிக்காவில் 19 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டித் தள்ளக்கூடாது என்று 2010லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில் ஏன் இல்லை?

கணக்குப்பிள்ளை:
நான் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இங்கே இல்லை" என்பது சரியில்லை, சிஸ்டர். பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளை 2013 மார்ச்சிலேயே மெடிஷீல்டு என்ற பழைய அரசாங்கக் காப்புறுதியில் சேர்த்தாயிற்று. 2015 நவம்பர் 1 முதல் அதன் இடத்தில் வந்த மெடிஷீல்டு லைஃப் எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், எந்த நோய் இருந்தாலும், ஆயுள் முழுக்க. உங்களுக்கு வந்த கடிதம் ஷீல்டு திட்டத்தில் மேலே இருக்கும் தனியார் பங்குக்கு மட்டும்தான். அதற்கு அடியில் இருக்கும் மெடிஷீல்டு லைஃப் உங்கள் மகனின் இதயத்துக்கும் பணம் தரும். இதை முகவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அது வேறு கதை.

அமெரிக்கக் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த விதி 2010 செப்டம்பர் 23இல் நடப்புக்கு வந்தது. அதையொட்டியே பல பெரிய நிறுவனங்கள் குழந்தைக்கு மட்டும் தனியாக எடுக்கும் காப்புறுதியைப் புதிதாக விற்பதை நிறுத்திக்கொண்டன. அன்று எல்லாரும் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயம் அங்கே இல்லை. வெள்ளம் வந்த பிறகு அணை போட்டால் போதும் என்று சட்டமே சொன்னால், முன்கூட்டிப் போடுகிறவர் யார்?

மெடிஷீல்டு லைஃப் தாங்குவதற்குக் காரணம், அதில் எல்லாரும் இருக்கிறார்கள், விலக வழியில்லை. அப்படியும் ஏற்கெனவே நோய் உள்ளவர்களைச் சேர்த்த செலவில் முக்கால் பங்கை அரசாங்கம் ஏற்றது. கடும் நோயோடு சேர்ந்தவர்கள் முதல் 10 வருடத்துக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டும். தனியார் ஷீல்டு அப்படி இல்லை. வேண்டும் என்கிறவர் எடுப்பது.

ஈசூன் மீனா:
அடியில் இருப்பது பணம் தரும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. நன்றி. ஆனால் அந்தத் தொகை அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் குறைந்த சி, பி2 வார்டுகளைக் கணக்கில் வைத்துப் போட்டது. பி1க்கு மேல் போனால் பெரும்பகுதி நம் கையிலிருந்துதான்.

கணக்குப்பிள்ளை:
அதற்கு ஏன் மேலே போக வேண்டும்? கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் சி வார்டில் படுத்தாலும் அதே அறுவைக்கூடம்தான். 2025 ஏப்ரலிலிருந்து மெடிஷீல்டு லைஃபில் ஒரு வருடத்தில் பெறக்கூடிய வரம்பு 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 20 வயதுவரை சந்தா, மானியத்துக்கு முன், வருடத்துக்கு 200. குடிமக்கள் குழந்தைக்குப் பிறந்ததும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் விழும் 4,000 வெள்ளியிலேயே பல வருடம் ஓடிவிடும்.

தேக்கா தாத்தா:
எல்லாரையும் சேர்த்துக்கொள், சேர்த்துக்கொள் என்றால் சந்தா யார் தலையில் ஏறும்? எனக்கு வயது 73. தனியார் பங்குக்கு மெடிசேவிலிருந்து வருடம் 900 வெள்ளிதான் எடுக்க விடுகிறார்கள், மீதி ரொக்கம். பிள்ளைகள் மேல் கோபமில்லை அம்மா. கணக்கைச் சொன்னேன்.

ஈசூன் மீனா:
புரிகிறது தாத்தா. ஆனால் அணை போடாமல் இருந்தது நாலு வயதுப் பிள்ளையா? பெரியவர்கள் காத்திருந்து ஏமாற்றலாம். பிறக்கும்போதே ஓட்டையோடு பிறந்தவனுக்குக் காத்திருக்க நேரம் எங்கே இருந்தது? பெற்றவர்கள் ஏமாற்றுவார்கள் என்ற பயம் என்றால், ஒரு கெடு வையுங்கள். பிறந்த 60 நாளுக்குள் விண்ணப்பித்தால் கேள்வி கேட்காமல் எடு. அதற்குப் பிறகு வந்தால் உன் இஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
இது கொஞ்சம் பேசக்கூடிய பேச்சு. அமெரிக்காவிலும் சில மாநிலங்கள் கடைசியில் இப்படித்தான், வருடத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று வைத்தன. கெடு இருந்தால் விலை போட முடியும். சந்தா ஏறும், ஆனால் கடை மூடாது. இலவசமாக வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ் குமார்:
நீங்கள் இரண்டு பேரும் மாடியில் எந்த அறை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் வாசலுக்கு வெளியே. நான் வெளிநாட்டு ஊழியருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன், மனைவியும் மகளும் சார்ந்திருப்போர் அட்டையில். மெடிஷீல்டு லைஃப் எங்களுக்கு இல்லை, மருத்துவமனையில் மானியமும் இல்லை. மகளுக்கு ஆஸ்துமா. திருச்சியில் பிறந்தவள், நாலு வயதில் இங்கே வந்தாள். அக்கா சொல்லும் 60 நாள் கெடு அவளுக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

ஊரில் எடுத்த பாலிசி இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலத்தை அங்கே 2024இல் அதிகபட்சம் நாலு வருடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். நல்லதுதான். ஆனால் நடுராத்திரி உட்லண்ட்ஸில் மூச்சு வாங்கினால் திருச்சிக்கா தூக்கிக்கொண்டு ஓடுவது?

கணக்குப்பிள்ளை:
தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் கம்பெனியின் குழுக் காப்புறுதியில் குடும்பத்தையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆள் எண்ணிக்கை அதிகம் உள்ள கம்பெனிகளில் சில நேரம் மருத்துவக் கேள்வியே இல்லாமல் எடுப்பார்கள். கையேட்டை நம்பாதீர்கள், மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பிஆர் (நிரந்தரவாசம்) கிடைத்தால் மெடிஷீல்டு லைஃப் தானாக வந்துவிடும்.

உட்லண்ட்ஸ் குமார்:
பிஆருக்கு மூன்று தடவை போட்டாயிற்று அண்ணே. சரி, கம்பெனியில் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
மீனா, உங்களுக்கும் ஒன்று. விலக்கை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி எழுதலாம். "மூடிவிட்டது" என்று நீங்கள் சொன்னால் எடுபடாது. இதய மருத்துவரின் கடிதமும் புதிய எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையும் வேண்டும். எல்லா இடத்திலும் நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஈசூன் மீனா:
அப்படி ஒரு வழி இருப்பதை அந்தக் கடிதத்தில் ஒரு வரி போட்டிருக்கலாமே. அக்டோபரில் அவனுக்குப் பரிசோதனை இருக்கிறது, அப்போதே கடிதம் கேட்டு வாங்குகிறேன். 60 நாள் கெடு விஷயத்தை மட்டும் விடுவதாக இல்லை. எங்கள் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்பு இந்த வாரம். எண் எடுத்து உட்காரப் போகிறேன். குமார், உங்கள் மகள் கதையையும் பெயர் இல்லாமல் சொல்லலாமா?

உட்லண்ட்ஸ் குமார்:
சொல்லுங்க அக்கா.