மறு: பறப்பு நேரமா, கட்டை நேரமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே புவியுருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 12,400 கி.மீ.; இதற்குப் 'பெருவட்டத் தொலைவு' என்று பெயர் இருக்கிறது. நேரத்தில்தான் சிக்கல். தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும்வரை ஆவது பறப்பு நேரம். நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு முறை வரும்வரை காத்திருந்து, பறந்து, இறங்கி, மறுபடி நிற்கும்வரை ஆவதை 'பிளாக் டைம்' என்கிறார்கள். பயணச்சீட்டில் அச்சாவது இதன் கணக்குத்தான். தமிழில் எப்படிச் சொல்வது?

— கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டையிலிருந்து வந்த பெயர் அது. கட்டையை எடுத்தால் கணக்குத் தொடங்கும், வைத்தால் முடியும். கல்பாத்தித் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் 'கட்டை நேரம்' என்பதைவிடத் தெளிவான சொல் வேண்டுமா? கட்டை எடுத்தது முதல் வைத்தது வரையிலான நேரம் என்று விரிவதால், இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. கட்டு, கட்டை, கட்டளை ஆகிய யாவும் ஓரிடத்தில் நிறுத்துவதையே குறிக்கின்றன என்பது என் நெடுநாளைய கருத்து. மலையாளக் 'கட்ட'யையும் இதனோடு சேர்க்கலாம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

— சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்தது அன்று)

*

ஐயா, இலக்கணம் இடம் தரலாம், வீட்டுப் பெரியவர்கள் தரமாட்டார்கள். மகனை வழியனுப்ப வந்தவரிடம் 'கட்டை நேரம் பதினாறு மணி' என்றால், 'கட்டையில் போக' என்ற வசவுதான் அவர் காதில் விழும். மேலும், குட்டையானதையும் கட்டை என்கிறோம். இதுவோ பறப்பு நேரத்தைவிட நீண்டது. தேரையே சொன்னீர்கள். தேர் நிலையிலிருந்து புறப்பட்டு நிலைக்கு வருகிறது என்றுதானே சொல்கிறோம்? 'நிலைக்குநிலை நேரம்' எனலாம்.

— கல்பாத்தி

*

எனக்கு இது பிடித்திருக்கிறது. 2016-இல் ஏர் இந்தியா இதே பயணத்தை அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது தொலைவு சுமார் 15,300 கி.மீ. ஆகக் கூடியது, ஆனால் கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளியதால், நேரம் சுமார் 14.5 மணியாகக் குறைந்தது. தொலைவை வேகத்தால் வகுத்துவிட்டு விடை வரவில்லையே என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டப்போகிறேன். ஜெட் காற்றோட்டத்துக்குத் தனித்தமிழ்ச் சொல்லை இவ்வாரம் யாரும் தொடங்கவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தனிமடலில் மூவர் 'நிலைக்குநிலை'யை ஆதரித்துள்ளதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

— கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

அனுப்புங்கள். நிலை என்பது இயங்காமையைக் குறிக்கும் சொல். இயக்கத்தின் அளவுக்கு அதை இருமுறை அடுக்கிப் பெயராக்கியதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

— சித்தூர்