பிரெஞ்சு உச்சரிப்பு: அசை எங்கே பிரியும், அழுத்தம் எங்கே விழும்

தம்பி, "சரியாகத்தான் சொல்கிறேன், ஆனால் ரொட்டிக் கடையில் புரியவில்லை என்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். பாரிஸ் வந்த முதல் வருடம் எனக்கும் அதே பாடுதான். சொல் சரியாக இருந்தும் அசைக் கணக்கு தவறினால் அவர்களுக்குப் பிடிபடாது.

மெய்யில் முடியும் சொல்லுக்கு நாம் பேச்சில் ஓர் உகரம் சேர்த்துவிடுவோம். 'பகெத்' (நீள ரொட்டி) இரண்டே அசை: ப-கெத். 'பகெட்டு' என்றால் மூன்றாகிவிடும். எழுத்தில் கடைசியாக நிற்கும் 'எ' இங்கே பேச்சில் பெரும்பாலும் ஒலிக்காது. சொல்லின் நடுவிலும் விழும். சனிக்கிழமைக்கான சொல்லை எழுத்தில் ச-மெ-தி என்று வெட்டலாம், வாயில் 'சம்-தி'தான். (தெற்கே மார்செய், துலூஸ் பக்கம் அந்த 'எ' நன்றாகக் கேட்கும்.)

அழுத்தம் ஆங்கிலம் போல இல்லை. சொல்லுக்குச் சொல் தனி இடம் கிடையாது. ஒரே மூச்சில் சொல்லும் தொடரின் கடைசி அசை சற்று நீளும், அவ்வளவுதான். 'கஃபே' என்று மட்டும் சொன்னால் 'ஃபே' நீளும். 'கஃபே க்ரெம்' (பால் சேர்த்த காபி) என்றால் நீட்சி 'க்ரெம்'முக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் பழகிய நாக்கு முதல் அசையையே குத்தப் பார்க்கும், அதை விடுங்கள்.

அப்புறம், சொற்கள் ஒட்டிக்கொள்வது. இது நமக்குப் புதிதல்ல. 'பால் இல்லை', 'பாலில்லை' ஆகும்போது லகர மெய் அடுத்த அசைக்குப் போகிறதே, அதே வேலைதான். 'அவெக் எல்' (அவளோடு) என்பது அ-வெ-கெல் ஆகும். தனியே ஒலிக்காத மெய்யும் உயிருக்கு முன்னால் எழுந்துவிடும்: 'வு' (நீங்கள்; எழுத்தில் கடைசியாக நிற்கும் s தனியே ஒலிக்காது), 'அவே' (வைத்திருக்கிறீர்கள்) சேர்ந்தால் வு-ஸ-வே (ஸ இங்கே ஆங்கில z போல). மருத்துவச் சந்திப்பு 9 மணிக்கு என்று போனில் சொன்னபோது, எனக்குத் தெரிந்த 'நெஃப்' (ஒன்பது) அதில் இல்லவே இல்லை. மூன்று முறை கேட்டேன். 'நெ-வெர்' என்றுதான் சொன்னார்கள்; 'எர்' (மணி) என்பதோடு சேரும்போது ஃப் வகரமாகிவிடுகிறது. எண்களை மணியோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: 2 மணி 'தெ-ஸெர்', 10 மணி 'தி-ஸெர்'.

பயிற்சிக்கு மெட்ரோவே போதும். பல தடங்களில் நிலையப் பெயரை இரண்டு முறை சொல்வார்கள். முதலில் குரல் ஏறும், பிறகு இறங்கும். கூடவே முணுமுணுங்கள். 'ஷாத்-லே', இரண்டு அசை. 'ரே-ப்யூ-ப்லிக்', மூன்று, இதில் 'ப்ல்' பிரியாமல் கடைசி அசைக்கே போகும், முடிவில் உகரம் வேண்டாம்.